வெள்ளெலிகளுக்கு ஒரு தீபாராதனை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. முழு இருட்டில் வாழும் எலிகளுக்குச் சற்று நேரம் வெளிச்சம் காட்டி அணைத்துவிட்டு, மறுநாள் அவை எப்போது எழுந்து ஓடுகின்றன என்று பார்ப்போம். இந்தச் சோதனைக்குப் பாடப்புத்தகத்தில் கௌரவமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆய்வு மாணவிகள் யாரும் அதைச் சொல்வதில்லை. "இன்னிக்கு தீவாராதனை உண்டா?" என்று ஒருத்தி கேட்பாள். "ரெண்டாம் வரிசைக்கு முடிஞ்சாச்சு" என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். சென்னையிலிருந்து வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இங்கே எலிக்குப் பூசை செய்கிறீர்களா என்று என்னிடமே விசாரித்திருக்கிறார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பழைய விலங்குக் கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது எலி ஓடுவதைக் கம்ப்யூட்டர் எண்ணுகிறது. இருட்டில் பார்க்கும் கேமரா கூரையில் இருக்கிறது. எலி தும்மினால் செல்போனுக்குச் செய்தி வந்துவிடும் போலிருக்கிறது. திறப்பு விழாவுக்குப் போயிருந்தபோது ஆய்வு மாணவிகள் சுற்றி நின்றுகொண்டு, "அக்கா, தீவாராதனைங்கிற பேரு எப்பிடி வந்துது?" என்று கேட்டார்கள். அதற்குள் ஒருத்தி முந்திக்கொண்டு, அந்தக் காலத்தில் இந்த ஆய்வை நடத்திய சாமுவேல் சார் தமாஷுக்கு வைத்த பெயர் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சார் எலி விஷயத்தில் தமாஷ் பண்ணுகிற ஆளே இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பகவதி. தோவாளைக்காரி. எங்கள் வீட்டில் நெல்லும் உண்டு, பிச்சிப்பூவும் உண்டு. விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பூக்கட்டிக்கொண்டிருந்த காலத்தை இங்கே சொல்லப் போவதில்லை. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையில் தொழில்நுட்ப உதவியாளராக எடுத்தார்கள். முதல் சில வருடங்கள் கூண்டு கழுவினேன், தீனி எடை போட்டேன், கடி வாங்கினேன். வெள்ளெலியை வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, வால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும் என்று கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

வெள்ளெலி என்றதும் மருந்து ஆய்வகங்களில் இருக்கும் வெள்ளை நிற எலியை நினைத்துவிடாதீர்கள். இது மணல் நிறம். வயிறு மட்டும் வெள்ளை, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். பகலெல்லாம் வளைக்குள் கிடக்கும், இருட்டினால் வெளியே வரும். நம் கடற்கரைச் செம்மணலிலும் உண்டுதான். ஆனால் சாருக்கு வேண்டியிருந்தவை ராஜஸ்தான் பாலைவனத்து வெள்ளெலிகள். ரயிலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.

அங்கிருந்து எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் பகல் நீளுவதும் குறுகுவதும் கண்ணில் படாத அளவுக்குக் கொஞ்சம். பாலைவனத்தில் அப்படியில்லை. குளிர்காலத்தில் இரவு நீண்டு கிடக்கும், கோடையில் சட்டென்று முடிந்துவிடும். அந்தக் குட்டை இரவுக்குள் இரை தேடுவது, வளை தோண்டுவது, இணை தேடுவது எல்லாவற்றையும் எலி முடித்தாக வேண்டும். அப்படியானால் பகல் நீண்டால் அதன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் என்ன செய்கிறது? பகல் குறுகினால் என்ன செய்கிறது? வெளிச்சமே இல்லாமல் ஆக்கிவிட்டால், பழகிய பகலின் நீளத்தை அந்த உடம்பு எவ்வளவு காலம் மறக்காமல் வைத்திருக்கும்? சார் தன் வேலைக்காலம் முழுவதையும் இந்தக் கேள்விகளுக்குக் கொடுத்தார்.

இதை எனக்கு ஒரே மூச்சில் புரியவைத்தவள் நூர்ஜகான். கோட்டாற்றுப் பெண், சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கணவர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். "கோடையில நோம்பு வந்தா அங்க அவ்வொ தவிச்சுப் போவாவொ அக்கா, பகல் முடியவே முடியாதாம். இங்க எந்த மாசம் வந்தாலும் நோம்பு தொறக்க பாங்கு ஏறக்கொறைய ஒரே நேரந்தானே" என்றாள். நோன்பு மாதத்தில் அவளும் பகலில் கண்ணைச் சொக்கிக்கொண்டு வருவாள். நீயும் வெள்ளெலி ஆயிட்டியா என்று நான் கேலி செய்வேன்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூடத்தில் மூன்று அறைகள். ஒன்றில் நீண்ட பகல், குட்டை இரவு. அடுத்ததில் குட்டைப் பகல், நீண்ட இரவு. விளக்குகள் டைமரில் ஓடும். மூன்றாவது இருட்டறை. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சக்கரம் இருக்கும். எலி அதில் ஏறி ஓடினால் சக்கரம் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுவிட்ச் தட்டும். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும் காகிதச் சுருளில் பேனா ஒரு குத்துக் கோடு போடும். எலி ஓடிய நேரம் கறுப்பாக அப்பிக் கிடக்கும், படுத்த நேரம் வெறும் நேர்கோடாக இருக்கும்.

அந்தக் காகிதத்தை நாள் நாளாக நறுக்கி, நேற்றைய துண்டுக்கு நேர் கீழே இன்றையதை ஒட்ட வேண்டும். கை நடுங்கக்கூடாது. ஒரு நூல் அளவு தள்ளி ஒட்டினாலும் எலி தாமதமாக எழுந்தது போலத் தெரியும். இப்படி வாரக்கணக்கில் ஒட்டி, சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால் எலியின் வாழ்க்கையே தெரியும். நீண்ட இரவுக்காரர்களின் கறுப்பு அகலமாக, நடுநடுவே இடைவெளி விட்டு இருக்கும். குட்டை இரவுக்காரர்கள் ஓட்டத்தையெல்லாம் நெருக்கியடித்து ஓடியிருப்பார்கள். இரண்டு கூட்டத்தையும் இருட்டறைக்கு மாற்றினால் கறுப்பு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். சூரியன் இல்லை, விளக்கு இல்லை, உடம்புக் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. எங்கள் எலிகள் தினமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் முன்னதாக எழுந்தன. சில வாரங்கள் போனால் நமக்கு உச்சிப் பகல், அவற்றுக்கு அந்தி.

இருட்டறைக்குள் நுழைவதற்கு முறைகள் உண்டு. இரட்டைத் திரை. ஒன்று மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்கலாம். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எடுத்துப் போகலாம். வெள்ளெலியின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகப் படாது. பேசக்கூடாது, வளையல் கூடாது, தலையில் பூ கூடாது. தோவாளைக்காரி பூ இல்லாமல் வேலைக்குப் போவதைப் பார்த்து எங்கள் தெருவில் என்னென்னவோ பேசினார்கள். தீனி வைக்கும் நேரத்தையும் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் அதுவே எலிக்கு மணி அடித்ததாகிவிடும். பக்கத்துக் கோயிலில் மார்கழி மாதம் ஒலிபெருக்கி கட்டியபோது சார் சண்டைக்குப் போகவில்லை. சுவரை இரட்டையாக்கி நடுவில் தென்னை நாரை அடைக்கச் சொன்னார். அந்த நார் இடிக்கும்வரை அங்கேயே இருந்தது.

சாமுவேல் சாருக்கு ஊர் கருங்கல் பக்கம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்பார்: "எப்பிடித் தெரியும்?" அதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஒரு தடவை டைமரைப் பழுது பார்த்த எலெக்ட்ரீஷியன், விளக்கு நேரத்துக்கு எரிந்தது என்றார்.

"ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவிட்சு போட்டிருந்துதே சாரே."

"சுவிட்சு போட்டா பல்பு எரிஞ்சுதுன்னு அர்த்தமா வே?"

அதிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு பேனா வந்தது. விளக்கு எரிந்தால் அதுவும் காகிதத்தில் கோடு போடும். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஆனால் வீட்டில் என் பிள்ளைகள் பல் தேய்த்தாயிற்று என்றால் எனக்கும் அந்தக் கேள்விதான் வாயில் வந்தது.

இன்னும் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். தங்கம்மை அக்கா. கொட்டாரத்திலிருந்து வருவாள், எனக்கு மூத்தவள், கூண்டு கழுவித் தீனி வைக்கும் வேலை. வீட்டுக்காரர் மயிலாடியில் கல் செதுக்குகிறவர். எலிகள் மூடியை முட்டித் திறக்காமலிருக்கப் பாரம் வைக்க வேண்டுமே, அதற்கு அங்கே கழித்துப் போட்ட சிலைத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். ஒரு கூண்டின் மேல் பாதித் தும்பிக்கை இருக்கும், இன்னொன்றின் மேல் ஒரு கால் விரல் இருக்கும். எலிகளை அவள் 'பிள்ளையள்' என்றுதான் சொல்வாள். நூர்ஜகானையும் அப்படித்தான் வைத்திருந்தாள். அந்தப் பெண் மதியம் சாப்பிடாமல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை டப்பாவைப் பிடுங்கி வைத்துவிடுவாள்.

நூர்ஜகானின் ஆய்வு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. நீண்ட பகல், குட்டைப் பகல் இரண்டிலும் எலிகள் எப்படி ஓடின என்பது முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் இருட்டறையில் இருந்தன. பழைய பகலை அவற்றின் உடம்பு எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதுதான் மிச்சம். கணவர் குடும்ப விசா வாங்கிவிட்டார். கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து இருந்தது அவருடைய விடுமுறைகளில் மட்டும்தான். நவராத்திரிப் பூசை கழிந்து இரண்டு வாரத்தில் இருட்டறை வேலை முடியும், பிறகு விமானம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இருட்டறையைக் கெடுத்தால் மறுபடி மாதக்கணக்கில் எலிகளை நீண்ட பகலிலும் குட்டைப் பகலிலும் வைத்துப் பழக்க வேண்டும். விசா அதுவரைக்கும் காத்திருக்காது.

எங்கள் பக்கத்தில் பூசை வைப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. ஆயுதங்களையும் புத்தகங்களையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், பூசை எடுப்பு வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. அந்த வருடம் துறைத்தலைவர் அறைக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி, தராசுகளுக்குக் குங்குமம் வைத்து, நூர்ஜகானின் கத்தரிக்கோலையும் பசை டப்பாவையும்கூட யாரோ கொண்டுபோய்ப் பூசையில் வைத்துவிட்டார்கள். "கத்தரிக்கோலுக்கும் லீவா?" என்று அவள் சிரித்தாள். காகிதச் சுருள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பூசை கழிந்து மொத்தமாக நறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சாரும் வந்து நின்று பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "இருட்டறைக்கு வெளிய கதவுல பொட்டு வச்சாப் போதும். உள்ள எல்லாரும் போவண்டாம்." சரி என்றோம். நான் சாயங்காலப் பேருந்துக்கு ஓடிவிட்டேன்.

பூசை எடுத்த அன்றைக்குக் கத்தரிக்கோல் திரும்பக் கைக்கு வந்ததும் நூர்ஜகான் நறுக்க உட்கார்ந்தாள். நான் பசை தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சரிவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பூசை வைப்பு நாளுக்கு அடுத்த துண்டை ஒட்டியதும் அவள் கை நின்றுவிட்டது. கறுப்பு பின்னால் தாவியிருந்தது. முன்னதாக எழ வேண்டிய எலி பிந்தி எழுந்திருக்கிறது. அடுத்த கூண்டை எடுத்தாள், அதுவும் அப்படியே. ஒரு எலி பிந்தினால் வயிற்று வலி என்று விடலாம். அறை முழுக்க ஒரே நாளில் பிந்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இருட்டறைக்குள் வெளிச்சம், எங்கள் பேச்சில் வெட்டம், போயிருக்கிறது.

சார் எல்லோரையும் கூப்பிட்டார். விளக்குக்கு வைத்த பேனா ஒன்றும் காட்டவில்லை. எலெக்ட்ரீஷியன் தலையிலடித்துச் சத்தியம் செய்தார். நானோ பூசை வைப்பு அன்று அந்நேரம் பேருந்தில் இருந்தேன். தங்கம்மை அக்கா விளக்குமாற்றோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், என்ன இவ்வளவு பரபரப்பு என்பது போல உள்ளே வந்தாள்.

"வெட்டமா? நாந்தான் சாரே தீவாராதனை காட்டினேன்."

சார் அவள் பக்கம் திரும்பினார்.

"செவப்பு வெட்டம் காட்டலாம்னு நீங்கதானே சொல்லியிருக்கியோ. கற்பூரமும் செவப்பாத்தானே எரியும். இந்தப் பிள்ளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சு மாப்பிள்ளைகிட்ட போய்ச் சேரணும்னு ஒவ்வொரு கூண்டுக்கும் வேண்டிக்கிட்டுக் காட்டினேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினாள். நமக்கு அது விளக்கு வைக்கும் நேரம். எலிகளுக்கோ இரவு நன்றாக ஏறியிருந்தது. அந்த நேரத்தில் கற்பூரத்தின் மஞ்சள் வெளிச்சம் போதும், கடிகாரம் பின்னால் தள்ளிப் போய்விடும். சார் இதைத் தன்மையாகத்தான் அவளுக்கு விளக்கினார். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நூர்ஜகான் அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் போகும்போது நூர்ஜகான் காகிதங்களை எல்லாம் தரையில் விரித்து, அவற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கண் பளபளவென்று இருந்தது. "அக்கா, இங்க பாருங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நீண்ட இரவில் வளர்ந்த எலிகள் எல்லாம் வெகுதூரம் தாவியிருந்தன. நீண்ட பகலில் வளர்ந்தவை கொஞ்சமாகத்தான் தாவியிருந்தன. அதாவது ஒரே வெளிச்சம், ஆனால் முன்பு பழகிய பகலின் நீளத்தைப் பொறுத்து உடம்பு வேறு வேறு விதமாக அசைந்திருக்கிறது. நாங்கள் கேட்ட கேள்வியைவிடப் பெரிய கேள்விக்குப் பதில் தானாக வந்து விழுந்துவிட்டது என்றாள்.

மத்தியானத்துக்குள் துறை முழுவதும் செய்தி பரவிவிட்டது. துறைத்தலைவர் லட்டு வாங்கி வரச் சொன்னார். எல்லாம் தங்கம்மை புண்ணியம் என்றார்கள். நேற்றுத் தரையில் உட்கார்ந்து அழுதவளை நாற்காலியில் உட்காரவைத்து அவள் கையிலும் ஒரு லட்டைக் கொடுத்தார்கள். அவள் அதைத் தின்னவும் தெரியாமல், வைக்கவும் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது, நான் பார்த்தேன்.

சார் கடைசியாக வந்தார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே வெட்டம் கிடைச்சுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று நூர்ஜகானிடம் கேட்டார்.

சார் நேராகத் தங்கம்மை அக்காவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இது நூர்ஜகானின் ஆய்வு, கேட்க வேண்டியவள் அவள் என்று நினைத்தாரோ என்னவோ. தன் அறைக்குப் போய்விட்டார். நூர்ஜகான் தங்கம்மை அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, கற்பூரத்த எல்லாக் கூண்டுக்கும் ஒரேபோலக் காட்டினீங்களா?"

தங்கம்மை அக்கா அவளையே பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் இந்தக் கேள்வியில் என்ன தொங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. லட்டு கையில் இருந்தது.

"எதச் சொன்னா ஒனக்கு நல்லது மோளே?"

நூர்ஜகான் நினைத்திருந்தால் ஒரு தலையசைப்பு போதும். விசா, விமானம், ஆய்வேடு, பெயர் எல்லாம் கையில் வந்துவிடும். எங்கள் யாருக்கும் வேறு விதமாகத் தெரிய வழியே இல்லை.

"நடந்தது சொல்லுங்கோ அக்கா. அதுதான் எனக்கு நல்லது" என்றாள்.

தங்கம்மை அக்கா சொன்னாள். வாசல் பக்கத்து வரிசையில் ஆரம்பித்தாள். அப்போது கற்பூரம் நன்றாக எரிந்தது. ஒவ்வொரு கூண்டுக்கும் நின்று நிதானமாகக் காட்டினாள். காது கிழிந்த ஒரு எலிக்கு உடம்பு சரியில்லாதது போல இருந்ததால் அதற்கு இன்னும் கொஞ்ச நேரம். உள் வரிசைக்கு வரும்போது கற்பூரம் தேய்ந்துவிட்டது. அணைவதற்குள் எல்லாருக்கும் காட்டிவிட வேண்டுமே என்று வேக வேகமாக ஓட்டிவிட்டாள். வாசல் பக்கத்து வரிசையில் இருந்தவை நீண்ட இரவில் வளர்ந்தவை. உள் வரிசை, நீண்ட பகலில் வளர்ந்தவை. தாவினது பழகிய பகலாலா, கற்பூரம் தீர்ந்துபோனதாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சார் கேட்டுவிட்டு, "கூண்டுகளைக் கலந்து வைக்கச் சொல்லாதது என் தப்பு" என்றார். அதைத் துறைத்தலைவர் முன்னாலும் சொன்னார். பிறகு நூர்ஜகானிடம், முதல் பாதி ஆய்வு உறுதியாக இருக்கிறது, இருட்டறைப் பகுதியை விட்டுவிட்டு அதை மட்டும் கொடுத்தாலும் பட்டம் கிடைக்கும், நீ ஊருக்குப் போ என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வந்ததும் எலிகளைப் பழைய அறைகளுக்கு மாற்றலாமா என்று கேட்டாள்.

"நீ போகல்லியா?" என்றேன்.

"எனக்குத் தெரியணும் அக்கா."

வேறு விளக்கம் அவள் சொல்லவில்லை. கணவரிடம் எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "சொன்னேன். அவ்வொ ஒண்ணும் சொல்லல்ல. போனை வச்சுட்டாவொ" என்றாள். விசா காலாவதியானது. அவரிடமிருந்து வெகுநாள் போன் வரவில்லை. கணவனைவிட எலி பெரிதாகிவிட்டதா என்று மாமியார் வீட்டில் கேட்டார்கள். இந்தக் கதையை உற்சாகமாகக் கேட்கிற பிள்ளைகளிடம் நான் இதை மட்டும் அழுத்திச் சொல்வதுண்டு. அந்த மாதங்களில் அவள் மெலிந்து பாதியாகிவிட்டாள். ஒரு வேலையைச் சரியாகச் செய்ததற்கு இவ்வளவு விலையா என்று எனக்கு அவர்கள் எல்லோர் மீதும் ஆத்திரம் வந்தது, சார் மீதும்கூட.

பின்னால் எல்லாம் சரியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் விடுமுறையில் வந்தபோது முறைத்துக்கொண்டேதான் ஆய்வகத்துக்கு வந்தார். சிவப்பு விளக்கில் எலி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக நோம்பு வைக்குமா?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். புது விசா வாங்கிக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது அவள் அங்கே பள்ளியில் உயிரியல் நடத்துகிறாள்.

சோதனையின் முடிவையும் கேட்பீர்கள். இந்த முறை கூண்டுகளைச் சீட்டுப் போட்டுக் கலந்து வைத்தோம். அளந்து வைத்த சின்ன விளக்கு, ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். நீண்ட இரவுக்காரர்கள்தான் வெகுதூரம் தாவினார்கள். அன்றைக்குக் கற்பூரத்தில் தெரிந்த முடிவு சரிதான். அப்படியானால் முதலிலேயே சரியாகத்தானே இருந்தது சார் என்று நான் ஆதங்கத்தோடு கேட்டேன். "சரியாத்தான் இருந்துது. ஆனா நமக்குத் தெரியாதே" என்றார்.

அந்த இரண்டாவது விளக்கை யார் காட்டியது என்பதோடு முடித்துக்கொள்கிறேன். பூசைக்குப் பிறகு தங்கம்மை அக்கா இருட்டறைப் பக்கமே போவதில்லை. அங்கே தீனி வைப்பதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு காட்டும் நாளில் நான் வளையலைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன். நூர்ஜகான் விளக்கை என்னிடம் தரவில்லை. கூண்டு கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நீட்டினாள்.

"நான் போவ மாட்டேன் மோளே" என்று தங்கம்மை அக்கா ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "வெட்டத்தோட அந்த ரூமுக்குள்ள நான் இனி போவ மாட்டேன். இந்தப் பகவதிப் பிள்ளைகிட்ட குடு."

"நீங்கதான் காட்டணும்."

"ஏன், நாந்தானே கெடுத்தவ."

"நீங்கதானே நடந்தது சொன்னீங்க. நீங்க ஒரேபோலக் காட்டினேன்னு சொன்னா நான் நம்புவேன். சாரும் நம்புவாவொ."

தங்கம்மை அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கையைச் சேலையில் துடைத்து விளக்கை வாங்கிக்கொண்டாள். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எப்போது எடுப்பது என்று நூர்ஜகான் சொல்லச் சொல்ல உதடு அசைத்து மனப்பாடம் செய்தாள். முதல் திரையை விலக்கி உள்ளே ஒரு கால் வைத்தவள் திரும்பி நின்றாள்.

"வேண்டிக்கிடலாமா?"

நூர்ஜகான் யோசித்தாள். சார் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"வேண்டிக்கிடுங்கோ அக்கா" என்றாள். "ஆனா எல்லாக் கூண்டுக்கும் ஒரேபோல வேண்டிக்கிடணும்."